பெரிய மனுஷனுக்கு ஒரு அடி பாக்கி

ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். சுகமாக இருக்கிறேன் என்று எழுதினால் என் முழங்காலே சிரிக்கும். மற்றபடி குறையில்லை. நீ, உன் மனைவி, மகள் எல்லோரும் நலமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதைப் படித்ததும் போனை எடுக்காதே. உன்னோடு பேசமாட்டேன் என்று அன்றைக்குச் சொன்னேன். சொன்னது சொன்னதுதான். எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நம் டி.வி. ரிப்பேர் கடை இருந்த இடத்தைத் திரைச்சீலை விற்பவருக்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன். பரணைக் காலிசெய்து தரச் சொன்னார். பழைய பிக்சர் ட்யூப்களுக்குப் பின்னால் அந்த வீடியோ கேம் பெட்டி இருந்தது. யாரோ ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பி வராமலே போன பெட்டி. நாம் கருங்கோட்டை என்று பெயர் வைத்த ஆட்டத்தின் கேசட் உள்ளேயே இருந்தது. கெப்பாசிட்டர்கள் உப்பியிருந்தன, மாற்றினேன். உயிர் வந்துவிட்டது.

உனக்கு மறந்திருக்கும். நான் எதையும் மறப்பவள் இல்லை. ஒரு ஆள் ஆடவேண்டிய ஆட்டத்தை நாம் இரண்டு பேர் ஆடினோம். முக்காலியின் மேல் ஒரே ரிமோட். இடது பக்கம் என் கை: நடப்பது, குனிவது, படியேறுவது. வலது பக்கம் உன் கை: தாவுவது, சங்கிலி விளக்கைச் சுழற்றி அடிப்பது. நான் "தாவு" என்றால் நீ தாவ வேண்டும், "அடி" என்றால் அடிக்க வேண்டும். அப்படித்தான் தையல்காரியைக் கொன்றோம். கண்ணாடிக்காரியைக் கொன்றோம். மணியடிப்பவனை அவன் கயிற்றிலிருந்தே கீழே தள்ளினோம். கடைசி மாடியில் கோட்டையின் சொந்தக்காரனிடம், நாம் பெரிய மனுஷன் என்று கூப்பிட்டவனிடம் மட்டும் தோற்றோம். பாதிச் சண்டையில் அவன் மெழுகுவர்த்திகளை ஊதி அணைப்பான், நம் ஆளின் விளக்கையும் சேர்த்து. திரை முழுக்கக் கறுப்பு. அந்தக் கறுப்பில் நாம் செத்ததற்குக் கணக்கே இல்லை.

கடைசி முறை நான் "தாவு" என்றேன். நீ தாவவில்லை. நீயாக வேறு எப்போதோ தாவினாய். விழுந்தோம். "எப்பப் பாத்தாலும் தாவு, அடி, தாவு, அடி! எனக்குன்னு கண்ணு இல்லையாக்கா?" என்றாய். "இருந்தா விழுந்திருப்பியாடா?" என்றேன். ரிமோட்டை வைத்துவிட்டு எழுந்தவன், அந்த மாதமே வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டாய்.

இப்போது பெட்டி ஓடுகிறது. வந்து உன் பாதியை முடித்துக் கொடுத்துவிட்டுப் போ. இது கெஞ்சல் இல்லை. பாதி வேலையில் எழுந்துபோனவனைத் திரும்பக் கூப்பிடுகிறேன், அவ்வளவுதான்.

இப்படிக்கு,
எதையும் மறக்காத
அக்கா

---

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே நாங்கள் நலம். குளிர் மட்டும் வந்த விருந்தாளி மாதிரி கிளம்பாமல் உட்கார்ந்திருக்கிறது. முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கு.

கருங்கோட்டையை நான் முடித்துவிட்டேன் அக்கா. போன வருஷம் மகள் அதை எங்கிருந்தோ தேடி எடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்தாள். பெரிய மனுஷன் செத்துவிட்டான். உனக்கு எழுதத்தான் நினைத்தேன், எப்படி எழுதுவது என்று தெரியாமல் விட்டுவிட்டேன். அதனால் நீ இதற்காக ஒன்றும் சிரமப்பட வேண்டாம்.

தொழிற்சாலையில் வேலை அதிகம். இப்போதைக்கு லீவு கேட்க முடியாது. எழுத்து மோசமாக இருந்தால் பொறுத்துக்கொள், அவசரத்தில் எழுதுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
தம்பி

---

பிப்ரவரி 20

தம்பிக்கு,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. உன் மனைவியையும் மகளையும் விசாரித்ததாகச் சொல்.

முடித்துவிட்டாயா? நீ மட்டும், தனியாகவா? பெட்டியைச் சரிசெய்த பிறகு நான் எப்படி ஆடுகிறேன் தெரியுமா? இரண்டு கையாலும் ஆடக் கற்றுக்கொண்டேன். எனக்கு யார் எதைச் சொல்லிக் கொடுத்தார்கள்? செத்த டி.வி.க்களைப் பிரித்துப் பிரித்துத்தானே வேலையே கற்றேன். தையல்காரி, கண்ணாடிக்காரி, மணியடிப்பவன் எல்லோரையும் தனியாகவே முடித்துவிட்டேன். பெரிய மனுஷனின் கதவுவரை போகிறேன். கதவுக்கு வெளியே நம் விளக்குக்காரனை நிறுத்திவைத்து, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பெட்டியை அணைத்துவிடுகிறேன். உள்ளே இருப்பவன் நம் இரண்டு பேருக்கும் பொது. பொதுச் சொத்தில் தனியாகக் கைவைக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

அதுவும் நீ சொல்வதை நான் நம்பவில்லை. அந்த இருட்டில் யாராலும் முடியாது. எப்படி அடித்தாய், எழுது. சும்மா "செத்துவிட்டான்" என்றால் ஆயிற்றா?

உன் எழுத்து மோசம் இல்லை, அநியாயம். ஒரு வரி இன்னொரு வரியின் முதுகில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. உன் அவசரத்தைப் படிக்க எனக்கு அரைநாள் ஆயிற்று.

அக்கா

---

மார்ச் 21

அன்புள்ள அக்காவுக்கு,

கோபம் ஆறியிருக்கும் என்று எழுதமாட்டேன், உன்னை எனக்குத் தெரியும். நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? நாங்கள் அப்படியே இருக்கிறோம்.

இருட்டில் எப்படி அடித்தேன் என்று கேட்டாய். சத்தத்தை வைத்து அடித்தேன். நம் கடையில் ஒருநாளாவது சத்தம் வைத்து ஆடியிருக்கிறோமா? டி.வி.க்குச் சொந்தக்காரர் வாசலில் வந்து நிற்பார். நீ ஷட்டரைப் பாதி இறக்கிக்கொண்டு, "இன்னும் பார்ட் வரலைங்க, வந்ததும் முதல்ல உங்களுக்குத்தான்" என்பாய். உள்ளே அவருடைய டி.வி.யில்தான் நாம் தையல்காரியோடு சண்டை போட்டுக்கொண்டிருப்போம். வெளியே கேட்டுவிடக் கூடாது என்று சத்தத்தை அடியோடு குறைத்து வைத்திருப்பாய்.

கோட்டை முழுக்கச் சத்தம் அக்கா. கவசக்காரனுக்குள் ஆளே இல்லை, நடந்தால் காலி டப்பா உருளுகிற மாதிரி இருக்கிறது. தையல்காரி கூரையிலிருந்து இறங்குமுன் கத்தரிக்கோலைத் திறந்து மூடிப் பார்க்கிறாள். கண்ணாடிக்காரி வந்ததும் பாட்டு பின்பக்கமாக ஓடுகிறது. பெரிய மனுஷன் விளக்கை அணைத்த பிறகு அவனுடைய நீள அங்கி தரையில் உரசுகிறது. நெருங்க நெருங்கச் சத்தம் பெரிதாகும். சட்டென்று நின்றால் அவன் கால் தரையில் இல்லை, பாய்கிறான் என்று அர்த்தம். அப்போது தாவ வேண்டும். இறங்கியதும் ஒரு மூச்சு விடுவான். அந்த மூச்சில் அடிக்க வேண்டும்.

அவன் பாட்டுக்கு நமக்குச் சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறான். நாம்தான் அவன் வாயைக் கட்டி வைத்திருந்தோம்.

அன்புடன்,
தம்பி

---

ஏப்ரல் 4

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். உன் மகளுக்கு வேலை கிடைத்ததா? நீ எழுதுவதே இல்லை.

உன் கடிதம் வந்த அன்றே சத்தத்தை முழுக்கத் திருப்பி வைத்து ஆடினேன். முதன்முறையாகக் கதவைத் திறந்து உள்ளே போனேன். அடிக்கப் போகவில்லை, கேட்கப் போனேன். நின்று கேட்டேன், செத்தேன். மறுபடி போனேன், கேட்டேன், செத்தேன். நீ சொன்னது நிஜம். இதை எழுத எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்று உனக்குத் தெரியும்.

கீழேயிருந்து திரைச்சீலைக்காரர் ஏறி வந்தார்.

"என்னம்மா, மேல மரச்சாமான் ஏதாச்சும் இழுக்கிறீங்களா? கடைக்கு வர்றவங்க அண்ணாந்து பாக்கிறாங்க."

"இழுக்கலை. ஒரு பெரிய மனுஷன் நடக்கிறார்."

"விருந்தாளியா?"

"இல்ல, சொந்தக்காரர்."

"உங்களுக்கா?"

"கோட்டைக்கு."

மனிதர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கிப்போனார். தனியாக இருக்கிற கிழவிக்கு மண்டை கலங்கிவிட்டது என்று முடிவுகட்டியிருப்பார். மறுநாளிலிருந்து காலையில் ஒருமுறை வந்து, "நல்லா இருக்கீங்களாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார். இந்த மாடிக்கு ஏறி வந்து அப்படிக் கேட்க ஒரு ஆள் வந்து வெகுகாலம் ஆகிறது. அதனால் நான் அவருடைய சந்தேகத்தைத் தீர்த்துவைக்கவில்லை.

நிற்க. உன் கடிதத்தைத் திரும்ப எடுத்துப் படித்தேன். எல்லாம் சத்தமாகவே எழுதியிருக்கிறாய். கண்ணால் பார்த்தது ஒன்றுகூட இல்லை. தையல்காரியின் சிவப்பு நூல் முதலில் இறங்கும், அதைப் பார்த்துத்தான் நாம் தாவுவோம். அதை எங்கே விட்டாய்? பெரிய மனுஷன் செத்த பிறகு திரையில் என்ன வந்தது என்றும் எழுதவில்லை. சினிமாவுக்குப் போய்வந்தால் கடைசிக் காட்சியை முதலில் சொல்கிறவன் நீ. "யார் செத்தாங்கன்னு சொல்லட்டாக்கா?" என்று கேட்டுக்கொண்டே சொல்லி முடித்துவிடுவாய். இந்தக் கடைசிக் காட்சியை மட்டும் ஏன் பத்திரமாக வைத்திருக்கிறாய்?

எழுது. அதைப் பார்க்கத்தானே நாம் அத்தனை மத்தியானங்களைத் தொலைத்தோம்.

அக்கா

---

மே 5

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும். இதைக் கம்ப்யூட்டரில் அடித்து அனுப்புகிறேன், கையெழுத்தை நீ திட்டியதால்.

பெரிய மனுஷன் செத்ததும் கோட்டை இடிந்து விழும். சூரியன் வரும். விளக்குக்காரன் நடந்து போவான். எல்லா ஆட்டத்திலும் வருவதுதான், பெரிதாக ஒன்றும் இல்லை.

மகளுக்கு வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய்விட்டாள். வீடு அமைதியாக இருக்கிறது. எங்காவது ஈயப்பற்று வைக்கிற புகை வாசனை வந்தால், நீ பக்கத்தில் உட்கார்ந்து திட்டிக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கிறது.

அன்புடன்,
தம்பி

---

மே 16

தம்பிக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? இந்தமுறை சம்பிரதாயத்துக்குக் கேட்கவில்லை.

அடியில் உன் கையெழுத்துகூட இல்லை. "தம்பி" என்பதும் மெஷின் எழுத்து.

உனக்குப் பொய் சொல்ல வராது. "பார்ட் வரலைங்க" என்று சொல்ல உன்னை வாசலுக்கு அனுப்பினால், சொல்லும்போதே உள்ளே திரும்பி டி.வி.யைப் பார்ப்பாய். அதனால்தான் எப்போதும் நானே போவேன். இப்போதும் அப்படித்தான் பார்க்கிறாய். கோட்டை இடியும், சூரியன் வரும் என்பதை யாரும் கண்ணை மூடிக்கொண்டே எழுதலாம். எந்தப் பக்கம் இடிந்தது? சூரியன் என்ன நிறம்? அவன் விளக்கை எடுத்துக்கொண்டு போனானா, விட்டுவிட்டுப் போனானா?

சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது. உன் கண்ணுக்கு என்ன?

அக்கா

---

ஜூன் 24

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். பதில் இல்லை.

தபால்காரர் வரும் நேரத்துக்கு மாடியிலிருந்து இறங்கித் திரைச்சீலைக் கடையில் உட்கார்ந்துகொள்கிறேன். கடைக்காரர் நாற்காலி போடுகிறார். "தம்பி லெட்டரா எதிர்பார்க்கிறீங்க? போன் பண்ணிடலாமேம்மா" என்கிறார். "எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை கிடையாது" என்றேன். "லெட்டர் மட்டும் உண்டா?" என்று கேட்டுவிட்டு, துணியை அளக்கிற சாக்கில் திரும்பிச் சிரிக்கிறார். சிரிக்கட்டும்.

சத்தம் நின்றால் பாய்கிறான் என்று அர்த்தம், அப்போது தாவு என்று எழுதினாய். உன் சத்தம் நின்றிருக்கிறது. நான் எந்தப் பக்கம் தாவட்டும்?

அக்கா

---

ஜூலை 10

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

உங்கள் தம்பி மனைவி எழுதுகிறேன். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அவர் வாசலில் உட்கார்ந்து தெருவைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவருக்குத் தெரியாமல்தான் எழுதுகிறேன். போனில் சொல்லலாம், நீங்கள் எடுக்கமாட்டீர்களோ என்று பயம்.

நீங்கள் கேட்டது சரி அண்ணி. கண்ணுக்குள் அழுத்தம் என்றார்கள். முதலில் பக்கத்துப் பார்வை போனது. குழாய் வழியாகப் பார்ப்பது போல இருக்கிறது என்றார். பிறகு அந்தக் குழாயும் சிறுத்துக்கொண்டே வந்தது. இப்போது ஜன்னல் எந்தப் பக்கம் என்பது மட்டும் தெரியும். தொழிற்சாலை வேலையைப் போன வருஷமே விட்டுவிட்டார். உங்களுக்குக் கைப்பட எழுதியது ஒவ்வொன்றுக்கும், வரி கோணாமல் இருக்க அட்டையை வைத்துப் பிடித்துக்கொண்டு நாள் கணக்கில் உட்கார்ந்தார். மே மாதக் கடிதம் அவர் சொல்ல நான் அடித்தது.

உங்களிடம் சொல்லச் சொல்லி எவ்வளவோ சொன்னேன். "எனக்குக் கண்ணு இல்லையான்னு அக்காவக் கேட்டுட்டு வந்தவன் நான். இப்ப எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு எழுதுறது?" என்கிறார். நீங்கள் எழுதுவதை நான்தான் படித்துக் காட்டுகிறேன். போன கடிதத்தை இரண்டாவது முறை படிக்கச் சொன்னார். அதன்பிறகு எழுந்து போய்விட்டார்.

அவர் முடித்தது உண்மை அண்ணி. கடைசி அறை வரை மகள் ஆடிக் கொடுத்தாள். அந்தப் பெரிய மனுஷன் விளக்கை அணைத்ததும், "இங்க குடும்மா, இனிமே எனக்கும் உனக்கும் ஒண்ணுதான்" என்று அவர் வாங்கிக்கொண்டார். பல நாள் அப்படி ஆடினார். ஜெயித்த அன்று பார்த்து மகள் கடைசி அறையில் விட்டுவிட்டு, யாரோ கூப்பிட்டார்கள் என்று வெளியே போயிருந்தாள். நான் சமையலறையில் இருந்தேன். "என்ன தெரியுது? யாராச்சும் வந்து சொல்லுங்களேன்!" என்று கத்தினார். நான் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவருவதற்குள் எல்லாம் முடிந்து முதல் பக்கம் வந்திருந்தது. "ஒண்ணும் இல்லைங்க, ஆட்டத்தோட பேர் மட்டும் இருக்கு" என்றேன். அதன்பிறகு அவர் அதைத் தொடவே இல்லை.

நான் அங்கே அழைத்து வரலாமா? வரமாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்கிறார். அது எங்கிருந்து வந்த பிடிவாதம் என்று உங்களுக்குத் தெரியும்.

வணக்கத்துடன்,
உங்கள் தம்பி மனைவி

---

ஜூலை 22

அன்புள்ள தம்பிக்கு,

இதைப் படிக்கிற உன் மனைவிக்கு முதலில் ஒரு வார்த்தை. அம்மா, சத்தமாகப் படி. கோபமான இடங்களைக் கோபமாகவே படி, நடுவில் சர்க்கரை போடாதே.

தம்பி, உன் மனைவி எழுதிவிட்டாள். அவளைத் திட்டினால் எனக்குத் தெரியும். நான் நலம். நீ நலமில்லை என்பதைச் சொல்ல இத்தனை மாதம் எடுத்துக்கொண்டாய்.

"இருந்தா விழுந்திருப்பியாடா" என்று அன்றைக்குக் கேட்டேன். அதற்கு நான் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. அந்த இருட்டில் நீயும் நானும் ஒன்றைத்தான் பார்த்தோம். நானும்தான் விழுந்தேன். ரிமோட்டை வைத்துவிட்டு எழுந்துபோனாயே, என் வழக்கு அதைப் பற்றி மட்டும்தான். அது இன்னும் நிற்கிறது.

அவள் கடிதம் வந்த அன்றே கதவைத் திறந்து உள்ளே போனேன். இந்தமுறை அடிக்கப் போனேன். அவன் விளக்கை அணைத்ததும் நானும் அறை விளக்கை அணைத்து ஜன்னலைச் சாத்திவிட்டேன். கண்ணையும் மூடிக்கொண்டேன். நீ இருக்கிற இடம் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும் போல இருந்தது. அங்கி உரசியது. நெருங்கியது. நின்றது. தாவினேன். மூச்சு விட்டான். அடித்தேன். என் வாய் அதுபாட்டுக்கு "தாவு, அடி" என்று சொல்லிக்கொண்டே இருந்தது. என் குரலில் அங்கியின் சத்தம் எனக்கே கேட்கவில்லை, செத்தேன். அப்புறம் வாயில் துணியைக் கவ்விக்கொண்டு ஆடினேன். நிஜமாகத்தான் சொல்கிறேன். திரைச்சீலைக்காரர் கொடுத்த வெட்டுத் துணி. அந்த மனிதர் காலையில் வழக்கம்போல நலம் விசாரிக்க ஏறி வந்து, இருட்டில் துணியைக் கவ்விக்கொண்டு உட்கார்ந்திருந்தவளைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமலே இறங்கிப் போய்விட்டார்.

மேலே அவனுடைய உயிர்க்கோடு மட்டும் இருட்டிலும் தெரியும், ஞாபகம் இருக்கிறதா? கண்ணைத் திறந்து பார்த்தபோது அதில் ஒரே ஒரு கட்டம் மிச்சம் இருந்தது. இன்னும் ஒரு அடி. அவன் இறங்கினான், மூச்சு விட்டான். என் கட்டைவிரல் பொத்தானின் மேல்தான் இருந்தது.

அழுத்தவில்லை. ஆட்டத்தை அப்படியே நிறுத்திவைக்கும் பொத்தானை அழுத்திவிட்டேன். அடிப்பது உன் பக்கம். என்றைக்கும் உன் பக்கம்தான்.

பெட்டியை அணைக்கவில்லை. அணைத்தால் எல்லாம் போய்விடும் என்று உனக்குத் தெரியும். சூடாகாமல் இருக்கப் பக்கத்தில் மின்விசிறியை வைத்திருக்கிறேன். முக்காலி அதே முக்காலி. இந்த அறையில் இப்போது நாங்கள் இரண்டு பேர் இருக்கிறோம், நானும் பெரிய மனுஷனும். ஒருவருக்கொருவர் பேசுவதில்லை. எனக்கு அது பழக்கம்தான். கரண்ட் போனால் மறுபடி முதல் மாடியிலிருந்து ஏறி வந்து அவனை இதே இடத்தில் நிறுத்துவேன். எனக்கு வேறு என்ன வேலை இருக்கிறது?

உன் மனைவி உன்னை அழைத்து வருவாள். நீ வரமாட்டேன் என்று சொல்லிப் பார், என் பிடிவாதம் உன்னுடையதற்கு மூத்தது. மாடிப்படியில் நீயே கைப்பிடியைப் பிடித்து ஏறிவிடுவாய், நான் கை கொடுக்கமாட்டேன். கொடுத்தாலும் என் முழங்காலுக்காகக் கொடுத்தேன் என்று வைத்துக்கொள். உன் இடத்தில் உட்கார். உன் பாதியைப் பிடித்துக்கொள். சத்தம் முழுக்க வைத்திருக்கிறேன்.

இருட்டு முடியும்வரை நான் வாயைத் திறக்கமாட்டேன். நீ கேட்டுக்கொண்டு அடி. அவன் விழுந்த பிறகு நான் உன்னோடு பேசுவேன். கோட்டை எந்தப் பக்கம் இடிகிறது, சூரியன் என்ன நிறம், விளக்கை எடுத்துக்கொண்டு போகிறானா விட்டுவிட்டுப் போகிறானா, ஒன்று விடாமல் சொல்வேன். அப்போது நீ வாயைத் திறக்கக்கூடாது.

இப்படிக்கு,
இடது பக்கம் உட்கார்ந்திருக்கும்
அக்கா